டொமைன் செலவைக் குறைப்பது எப்படி: முதல் பதிவிலிருந்து கைவிடும் நாள்வரை

ஒரே டொமைன் பெயருக்கு (இணையதளத்தின் முகவரியாக அமையும் பெயர்) அதை விற்கும் ஒரு தளம் முதல் ஆண்டுக்கு 1 டாலர் கேட்கிறது. இன்னொன்று 11 டாலர் என்கிறது. வேறொன்று 22 டாலர் என்கிறது. எங்கே வாங்கினாலும் கிடைப்பது ஒன்றுதான்: இந்தப் பெயர் இன்ன தேதிவரை இன்னாருக்குரியது என்று ஒரு மையப் பதிவேட்டில் எழுதப்படும் பதிவு. கூடுதலாகப் பணம் கொடுத்தவரின் தளம் வேகமாகத் திறப்பதும் இல்லை, தேடலில் முன்னால் வருவதும் இல்லை. அப்படியிருந்தும் பலர் ஆண்டுதோறும் தேவைக்கு மேல் செலுத்திக்கொண்டிருப்பதற்குக் காரணம், வாங்கும் நாளில் மட்டும் விலையைப் பார்த்துவிட்டு அதன்பின் பல ஆண்டுகள் பார்க்காமலே இருந்துவிடுவதுதான். டொமைனின் உண்மையான விலை முதல் ஆண்டுக் கட்டணம் அல்ல. அதை நீங்கள் வைத்திருக்கப்போகும் காலம் முழுவதற்கும் ஆகும் மொத்தத் தொகை. அதைக் குறைப்பதற்கான வழிகளே இங்கே சொல்லப்படுகின்றன.

விலை எங்கிருந்து வருகிறது

டொமைன் வணிகத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு பின்னொட்டுக்கும், அதாவது பெயரின் இறுதியில் வரும் டாட் காம் போன்ற பகுதிக்கும், அதன் பதிவேட்டை நடத்தும் ஒரு பதிவகம் இருக்கிறது. டாட் காம், டாட் நெட் இரண்டையும் வெரிசைன் நிறுவனம் நடத்துகிறது, டாட் ஆர்க் பின்னொட்டைப் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி நடத்துகிறது. பதிவகம் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அதனிடம் மொத்த விலைக்கு வாங்கி நம்மிடம் விற்பவர்கள் பதிவாளர்கள். நேம்சீப், கோடாடி, போர்க்பன், கிளவுட்ஃபிளேர் முதலியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கெல்லாம் மேலே 1998-இல் தொடங்கப்பட்ட ஐகேன் அமைப்பு விதிகளை வகுக்கிறது. போட்டி நிலவுவது பதிவாளர்களிடையே மட்டும்தான். 1995-இல் டொமைனுக்கு முதன்முதலாகக் கட்டணம் விதிக்கப்பட்டபோது அதை வசூலிக்க ஒரே நிறுவனம்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்பதே விலை. 1999-இல் பல பதிவாளர்கள் களத்தில் இறங்கிய பிறகுதான் விலை சரிந்தது.

டாட் காம் பெயருக்குப் பதிவகம் பதிவாளரிடம் வாங்கும் மொத்த விலை 2012 முதல் 2021 ஆகஸ்ட் வரை 7.85 டாலராக நின்றது. அதன்பின் நான்கு முறை உயர்ந்து, 2024 செப்டம்பர் 1 முதல் 10.26 டாலரானது. இதோடு ஐகேனுக்குரிய கட்டணம் ஆண்டுக்கு 0.18 டாலராக இருந்தது. 2025 ஜூலை முதல் அது 0.20 டாலர். ஆக, 10.26 டாலர் மொத்த விலை நிலவும் காலத்தில் எந்தப் பதிவாளருக்கும் ஒரு டாட் காம் பெயருக்கு ஆகும் அடக்கவிலை 10.46 டாலர். இதற்குக் கீழே யாராவது விற்றால் அந்த நட்டத்தை வேறு எங்கோ ஈடுகட்டுகிறார் என்றே பொருள்; பெரும்பாலும் உங்கள் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தில். இதற்கு மிக மேலே கேட்டால், வித்தியாசம் முழுவதும் அவருடைய இலாபம். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டாலே விளம்பரங்களில் பாதி அர்த்தமற்றவையாகத் தெரியும்.

மற்ற பின்னொட்டுகளில் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை. 2012-இல் ஐகேன் தொடங்கிய திட்டத்தின் வழியாக வந்த நூற்றுக்கணக்கான புதிய பின்னொட்டுகளுக்கு விலை உச்சவரம்பு எதுவும் இல்லை. டாட் ஆர்க் பின்னொட்டுக்கு இருந்த உச்சவரம்பும் 2019-இல் நீக்கப்பட்டது. நாட்டுக் குறியீட்டுப் பின்னொட்டுகளை அந்தந்த நாட்டு நிர்வாகங்கள் தம் விருப்பப்படி நடத்துகின்றன. எடுத்துக்காட்டாக, அங்குவிலாத் தீவுக்குரிய டாட் ஏஐ பின்னொட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும், ஆகவே விளம்பரத்தில் காணும் ஓராண்டு விலையை இரட்டிப்பாக்கித்தான் கணக்கிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

இரண்டு பதிவாளர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் முதல் ஆண்டுக்கு 1 டாலரும் அதன்பின் ஆண்டுக்கு 22 டாலரும் வாங்குகிறார். உரிமையாளரின் விவரங்களை மறைக்கும் தனியுரிமைப் பாதுகாப்புக்கு ஆண்டுக்கு 10 டாலர் தனி. இரண்டாமவர் எல்லா ஆண்டும் 11 டாலர் வாங்குகிறார், தனியுரிமை இலவசம். ஐந்து ஆண்டுகளில் முதலாமவருக்கு நீங்கள் கொடுப்பது பெயருக்கு 89, தனியுரிமைக்கு 50, ஆக 139 டாலர். இரண்டாமவருக்குக் கொடுப்பது 55 டாலர். இவை கற்பனை எண்களே. ஆனால் இதே அமைப்பு கொண்ட விலைப்பட்டியல்களைச் சந்தையில் எளிதில் காணலாம். எனவே எந்தப் பதிவாளரிடம் சென்றாலும் மூன்று எண்களைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள்: புதிய பதிவுக்கான விலை, புதுப்பித்தல் விலை, வேறு இடத்திலிருந்து மாற்றிக்கொண்டு வருவதற்கான விலை. முதல் எண் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது சில தளங்களில் சிறிய எழுத்திலோ தனிப் பக்கத்திலோ ஒளிந்திருக்கும். புதுப்பித்தல் விலையைக் கண்டுபிடிக்க அலைய வேண்டியிருக்கிறது என்றால், அதுவே அந்தப் பதிவாளரைப் பற்றிய போதுமான தகவல் என்பது என் கருத்து. பல பதிவாளர்களின் இந்த மூன்று விலைகளையும் அருகருகே காட்டும் டிஎல்டி லிஸ்ட் போன்ற ஒப்பீட்டுத் தளங்கள் வேலையைச் சுருக்கும். எனினும் வரியும் நாணய மாற்றுக் கட்டணமும் சேர்ந்த இறுதித் தொகையைப் பணம் செலுத்தும் பக்கத்தில்தான் பார்க்க முடியும்.

இலாபம் வைக்காமல் அடக்கவிலைக்கே தருவதாக அறிவித்து நடத்துபவர்களும் உண்டு. கிளவுட்ஃபிளேர் 2018-இல் அந்த முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே பதிவு செய்த பெயருக்கு அவர்களுடைய நேம்சர்வர்களையே (பெயரைத் தேடி வருபவர்களுக்குத் தளம் இருக்கும் இடத்தைச் சொல்லும் கணினிகள்) பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. உங்கள் ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவை) அமைப்புக்கு அது இடையூறில்லை என்றால் நல்ல தேர்வு. இடையூறு என்றால் ஒரு டாலர் கூடுதலாகக் கொடுத்து வேறிடம் செல்வதே இலாபம்.

கூப்பன்களைப் பற்றியும் ஒரு சொல். கூப்பன் பெரும்பாலும் புதிய வாடிக்கையாளருக்கு, ஒரு பெயருக்கு, ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். மூன்று ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கூப்பனை இட்டால், தள்ளுபடி முதல் ஆண்டுக்கு மட்டும் கழிந்து மற்ற இரண்டும் முழுவிலையில் வரும். கார்ட் பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் தாமாகவே தேர்வாகியிருப்பதும் வழக்கம். அதை ஓராண்டாக மாற்றிவிட்டுத் தொகையை மறுபடி பாருங்கள்.

பெயரைத் தேடும்போது அவசரம் காட்டத் தேவையில்லை, ஆனால் வாங்க முடிவெடுத்த பிறகு தள்ளிப்போடவும் வேண்டாம். 2008-இல் ஒரு பெரிய பதிவாளர் நிறுவனம், தன் தளத்தில் மக்கள் தேடிய பெயர்களைத் தானே சில நாள்களுக்குப் பிடித்துவைத்துக் கடும் கண்டனத்துக்கு ஆளானது. பதிவான ஐந்து நாள்களுக்குள் பெயரை நீக்கினால் பதிவகம் பணத்தைத் திருப்பித் தந்துவிடும் என்ற விதியே அப்போது அதற்கு இடங்கொடுத்தது. ஐகேன் பின்னர் அந்தச் சலுகைக்கு வரம்பு விதித்தது. எழுத்துப்பிழையுடன் பதிவு செய்துவிட்டவர்களுக்கு இதே ஐந்து நாள் விதி இன்றும் உதவக்கூடும். பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயம் பதிவாளருக்கு இல்லை என்றாலும், சிலர் தருகிறார்கள். பிழையைக் கண்டவுடன் கேட்டுப் பாருங்கள்.

கார்ட்டில் தானாக ஏறும் சரக்குகள்

டொமைனில் கிடைக்காத இலாபத்தைப் பதிவாளர்கள் துணைச் சேவைகளில் எடுக்கிறார்கள். அவற்றில் முதன்மையானது தனியுரிமைப் பாதுகாப்பு. முன்பு, எந்தப் பெயர் யாருக்குரியது என்று காட்டும் ஹூஈஸ் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எவரும் பார்க்கும்படி இருந்தன. அவற்றை மறைக்கப் பணம் கேட்டதில் அன்று நியாயம் இருந்தது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின், டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் தனிநபர் விவரங்கள் பெரும்பாலும் மறைத்தே காட்டப்படுகின்றன. பல பதிவாளர்கள் தனியுரிமைச் சேவையையும் இலவசமாகவே சேர்த்துத் தருகிறார்கள். எனவே இதற்கு ஆண்டுதோறும் தனிக் கட்டணம் செலுத்துகிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு முதலில் தகுதியானது இதுதான். நாட்டுக் குறியீட்டுப் பின்னொட்டுகளில் விதி வேறுபடும் என்பதால், அங்கே உங்கள் விவரம் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அடுத்தது, தளத்துக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பை மறையாக்க உதவும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் இதை இலவசமாக வழங்குகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரே சொடுக்கில் அதை நிறுவித் தருகின்றன. சாதாரணத் தளத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் அடிப்படைச் சான்றிதழ் இதைவிட வலுவான மறையாக்கம் எதையும் தருவதில்லை. பிரீமியம் டி.என்.எஸ். (டி.என்.எஸ். என்பது பெயரைத் தளத்தின் இடத்தோடு இணைக்கும் அமைப்பு), தளப் பாதுகாப்பு, தேடல் மேம்பாட்டுத் தொகுப்பு என்ற பெயர்களில் வருபவற்றை வாங்கும் நாளில் விட்டுவிடுங்கள். உண்மையிலேயே தேவைப்பட்டால் பின்னர் எந்த நாளிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம் என்ற சலுகைக்கும் இதே கவனம் வேண்டும். இலவசம் என்பது முதல் ஆண்டுக்குத்தான். இரண்டாம் ஆண்டு முதல் வழக்கமான, சில இடங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலான, புதுப்பித்தல் விலை. இடையில் ஹோஸ்டிங்கை நிறுத்திப் பணத்தைத் திரும்பக் கேட்டால் டொமைனுக்கான விலையைக் கழித்துக்கொண்டே தருவார்கள். ஹோஸ்டிங்கையும் டொமைனையும் வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பவருக்கு, ஒன்றில் மனக்கசப்பு ஏற்பட்டாலும் மற்றொன்று பாதிக்காது. இலவசத்தைப் பெற்றவரும் பின்னர் அதை வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முழுக்க முழுக்க இலவசமாகக் கிடைக்கும் டொமைன்களை முக்கியமான எதற்கும் நம்பக் கூடாது. டாட் டிகே, டாட் எம்எல், டாட் ஜிஏ முதலியவற்றைப் பல ஆண்டுகள் இலவசமாக வழங்கிவந்த ஃப்ரீனாம் நிறுவனத்தின் மீது மெட்டா தொடுத்த வழக்கு 2023-இல் வெளியே தெரியவந்தது. அந்த ஆண்டிலேயே புதிய பதிவுகள் நின்றன, மாலியும் கபோனும் தங்கள் பின்னொட்டுகளைத் திரும்பப் பெற்றன, 2024-இல் அந்நிறுவனம் டொமைன் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. தளத்தைக் கட்டியெழுப்பிய உழைப்போடு ஒப்பிட்டால் மிச்சப்பட்ட பத்து டாலர் ஒரு பொருட்டே அல்ல.

பிரீமியம் பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. இப்போதைய உரிமையாளர் மறுவிற்பனை செய்யும் பெயருக்கு ஒருமுறை அதிக விலை கொடுத்துவிட்டால், அதன்பின் சாதாரணப் புதுப்பித்தல் கட்டணமே. பதிவகமே பிரீமியம் என்று வகைப்படுத்திய பெயரோ வேறு. அதில் பெரும்பாலும் அந்த உயர்ந்த விலையை ஆண்டுதோறும் செலுத்த வேண்டியிருக்கும். இரண்டும் தேடல் முடிவில் ஒரே மாதிரி தெரியும். பணம் செலுத்துமுன் அந்தக் குறிப்பிட்ட பெயரின் புதுப்பித்தல் விலையைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

மாற்றிக்கொள்வதே மலிவான புதுப்பித்தல்

நடைமுறையில் மிக அதிகமாகப் பணத்தை மிச்சப்படுத்துவது பதிவாளர் மாற்றம்தான், ஆயினும் பலர் அதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் ஒரு பதிவாளரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றும்போது செலுத்தும் கட்டணத்தில் ஓராண்டுப் புதுப்பித்தலும் அடங்கியிருக்கிறது. இருக்கும் காலாவதித் தேதியோடு ஓராண்டு சேர்கிறது. ஆகவே நான்கு மாதங்கள் மீதமிருக்கும்போது மாற்றினாலும் அந்த நான்கு மாதங்கள் வீணாவதில்லை. மொத்தக் காலம் பத்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே வரம்பு. இப்படிப் பார்த்தால், 1 டாலருக்கு முதல் ஆண்டை விற்கும் பதிவாளரிடம் வாங்கி, 22 டாலர் கேட்கும் முன்பே 11 டாலர் பதிவாளரிடம் கொண்டுபோய்விடுவது முற்றிலும் முறையான வழி. நாட்டுக் குறியீட்டுப் பின்னொட்டுகள் சிலவற்றில் மாற்றத்தோடு ஓராண்டு சேர்வதில்லை. அவற்றுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

செய்முறையில் தேதிகள் முக்கியம். புதிதாகப் பதிவான அல்லது அண்மையில் மாற்றப்பட்ட பெயரை 60 நாள்களுக்கு மாற்ற முடியாதபடி பதிவாளர்கள் பூட்டிவைக்கிறார்கள். உரிமையாளரின் பெயரையோ நிறுவனப் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்தினாலும் இதே 60 நாள் பூட்டு விழக்கூடும். ஆகவே மாற்றத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் தொடர்பு விவரங்களில் கைவைக்காதீர்கள். காலாவதிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது உசிதம், ஏனெனில் சில பதிவாளர்கள் தானியங்கிப் புதுப்பித்தல் பணத்தைக் காலாவதிக்குப் பல வாரங்கள் முன்பே அட்டையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

தொடங்குவதற்கு முன் பழைய பதிவாளரிடமுள்ள டி.என்.எஸ். பதிவுகள் அனைத்தையும், குறிப்பாக மின்னஞ்சலுக்கான எம்.எக்ஸ். பதிவுகளையும் டி.எக்ஸ்.டி. பதிவுகளையும், படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவாளரின் நேம்சர்வர்களைப் பயன்படுத்திவந்தால் மாற்றத்தின்பின் அவை நின்றுபோகலாம், தளம் திறந்தாலும் அஞ்சல் வராது. டி.என்.எஸ்.செக் என்ற பாதுகாப்பு வசதி செயலில் இருந்தால் அணைத்துவிட வேண்டும். பிறகு கட்டுப்பாட்டுப் பக்கத்தில் டொமைன் பூட்டை நீக்கி, அனுமதிக் குறியீட்டைப் பெற வேண்டும். கேட்ட ஐந்து நாள்களுக்குள் அதைத் தர வேண்டியது பதிவாளரின் கடமை. அந்தக் குறியீட்டைப் புதிய பதிவாளரிடம் இட்டுப் பணம் செலுத்தியபின், பழைய பதிவாளர் எதுவும் செய்யாமல் இருந்தாலும் ஐந்து நாள்களில் மாற்றம் நிறைவேறிவிடும். பழைய பக்கத்தில் உடனடியாக ஒப்புதல் தரும் பொத்தான் இருந்தால் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

காலாவதிக்குப் பிறகு மாற்ற நினைப்பவர்கள் ஒரு நுணுக்கத்தால் ஓராண்டுப் பணத்தை இழக்கிறார்கள். ஒரு பெயர் ஜூன் 10 அன்று காலாவதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் ஜூன் 20 அன்று பழைய பதிவாளரிடமே பணம் கட்டிப் புதுப்பிக்கிறார்; காலாவதி அடுத்த ஆண்டு ஜூன் 10 ஆகிறது. பிறகு ஜூலை 1 அன்று மலிவான பதிவாளரைக் கண்டு அங்கே மாற்றுகிறார். இப்போது இரண்டு ஆண்டுகள் சேர்ந்திருக்க வேண்டும் என்று அவர் நினைப்பார், ஆனால் தேதி அடுத்த ஆண்டு ஜூன் 10-லேயே நிற்கும். காலாவதியிலிருந்து 45 நாள்களுக்குள், அதாவது ஜூலை 25-க்குள், மாற்றினால் பதிவகம் முந்தைய புதுப்பித்தலை ரத்து செய்து பழைய பதிவாளருக்குப் பணத்தைத் திருப்பிவிடுகிறது. அந்தப் பணம் உங்களிடம் வந்து சேர்வது அவருடைய விருப்பத்தைப் பொறுத்தது. எனவே காலாவதிக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். தவறினால் பழைய இடத்திலேயே புதுப்பித்துவிட்டு அந்த 45 நாள்கள் கழியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் தேவை. ஆண்டுதோறும் ஒன்றிரண்டு டாலருக்காகப் பதிவாளர் மாற்றிக்கொண்டே இருப்பது நேரத்துக்குக் கேடு. ஒரு முறை நிலையான விலையுள்ள இடத்துக்குச் சென்று, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அங்கேயே அமர்ந்துவிடுவது போதும்.

பல ஆண்டுகளுக்கு முன்கூட்டிச் செலுத்தலாமா?

ஒரு பெயரை அதிகபட்சம் பத்து ஆண்டுகள்வரை முன்கூட்டிப் பதிவு செய்துவைக்க முடியும். இதில் தள்ளுபடி கிடைப்பது அரிது. நன்மை என்னவென்றால், விலை உயர்வுகள் அந்தக் காலத்துக்கு உங்களைத் தொடாது. டாட் காம் ஒப்பந்தப்படி ஒவ்வோர் ஆறு ஆண்டுக் காலத்திலும் கடைசி நான்கு ஆண்டுகளில் மொத்த விலையை ஆண்டுக்கு 7 விழுக்காடுவரை உயர்த்தலாம். அத்தகைய அடுத்த நான்கு ஆண்டுகள் 2026 அக்டோபர் இறுதியில் தொடங்குகின்றன. பொதுப் பின்னொட்டுகளில் புதுப்பித்தல் விலையை உயர்த்துமுன் பதிவகம் ஏறக்குறைய ஆறு மாதங்கள் முன்னதாகப் பதிவாளர்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே பல ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ள முடியும். அறிவிப்பு உங்களுக்கு நேரடியாக வராது என்பதால், பதிவாளரின் செய்திமடலை அறவே ஒதுக்கிவிடாமல் தலைப்பையாவது பார்ப்பது பயன் தரும்.

என் தீர்ப்பு இது: தொழிலோ மின்னஞ்சலோ சார்ந்திருக்கும் முதன்மைப் பெயருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் முன்கூட்டிச் செலுத்துவது நியாயம், உச்சவரம்பில்லாத புதிய பின்னொட்டில் அது இருந்தால் இன்னும் கூட்டிச் செலுத்தலாம். சோதனை முயற்சிகளுக்கு ஓராண்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம், ஏனெனில் கைவிட்ட பெயருக்கு மீதி ஆண்டுகளின் பணம் திரும்பாது. நீண்ட காலத்துக்குப் பதிவு செய்தால் தேடல் தரவரிசை உயரும் என்று சொல்லிப் பத்து ஆண்டுகளை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

பல ஆண்டுகளுக்குச் செலுத்தினால் அன்றே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஐகேனின் இலவசத் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனை இட்டால் பதிவகத்தில் உள்ள காலாவதித் தேதி தெரியும். ஐந்து ஆண்டுகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பதிவகத்தில் ஓராண்டு மட்டும் பதிவு செய்திருந்தால் அந்தத் தேதி காட்டிக்கொடுத்துவிடும். பதிவகத்தில் பதிவான ஆண்டுகள் பதிவாளர் கடையை மூடினாலும் உங்களுடையவை. பதிவாளரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஆண்டுகள் அப்படி அல்ல. அதே நேரத்தில் உரிமையாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்பதையும் உங்கள் கணக்குப் பக்கத்தில் பாருங்கள். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் தன் பெயரிலேயே டொமைனை வாங்கி வைத்திருந்தால், பின்னாளில் அதை மீட்க ஆகும் செலவுக்கு முன்னால் இந்தச் சேமிப்பெல்லாம் ஒன்றுமில்லை.

காலாவதி என்ற மிகப் பெரிய செலவு

1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் பயனாளர்கள் உள்நுழைய முடியாமல் தவித்தபோது, தொடர்பில்லாத நிரலாளர் ஒருவர் 35 டாலரைத் தன் அட்டையிலிருந்து செலுத்தித் தளத்தை உயிர்ப்பித்தார். நம் எல்லோருக்கும் அப்படியொருவர் வாய்ப்பதில்லை.

பொதுப் பின்னொட்டுகளில் காலாவதிக்குப் பிறகு 45 நாள்கள்வரை சலுகைக் காலம் இருக்கலாம். அதில் வழக்கமான விலையில் புதுப்பிக்கப் பதிவாளர்கள் பலர் அனுமதிக்கிறார்கள், சிலர் தாமதக் கட்டணம் சேர்க்கிறார்கள், சிலரோ அந்தக் காலத்தையே சுருக்கிச் சில வாரங்களில் பெயரை ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது கடந்து பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் தொடங்குகிறது. அப்போது மீட்க, ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு தனியாகச் செலுத்த வேண்டும். அதன்பின் ஐந்து நாள்கள் எவரும் தொட முடியாது. பிறகு பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும், அதற்காகவே தானியங்கி நிரல்களோடு காத்திருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இன்னொருவருடைய காலாவதியான பெயரை மலிவாகப் பிடிக்க நினைப்பவர்கள், இணையக் காப்பகத்தில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைப் பார்த்துவிட்டே பணத்தை இறக்க வேண்டும். சூதாட்டத் தளமாகவோ குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரியாகவோ இருந்த பெயர் இலவசமாகக் கிடைத்தாலும் நட்டமே.

காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகேன் விதி. ஆனால் அந்த மடல் செல்வது பதிவேட்டில் உள்ள முகவரிக்கு. அந்த முகவரியே காலாவதியாகும் டொமைனில் இயங்கினால், பெயர் நின்றபின் வரும் மடல் எதுவும் உங்களை அடையாது. ஆகவே தொடர்பு முகவரியாக வேறொரு மின்னஞ்சலைக் கொடுங்கள். தானியங்கிப் புதுப்பித்தலை முதன்மைப் பெயர்களுக்கு மட்டும் இயக்கி, வங்கி அட்டை மாறும்போதெல்லாம் பதிவாளரிடமும் மாற்றுங்கள். மற்றவற்றுக்கு அதை அணைத்துவிட்டு நாட்காட்டியில் இரண்டு மாதம் முன்னதாக ஒரு குறிப்பு வைத்தால் போதும்.

உங்கள் பதிவாளர் அல்லாத ஒருவரிடமிருந்து புதுப்பித்தல் கட்டண அறிவிப்பு போன்ற தோற்றத்தில் கடிதமோ மின்னஞ்சலோ வந்தால் பணம் கட்டாதீர்கள். சில வேளைகளில் அது அதிக விலைக்கு உங்களைத் தம்மிடம் மாற்றிக்கொள்ளும் தந்திரம். சில வேளைகளில் தேடுபொறியில் சேர்ப்பதற்கான பயனற்ற சேவை. வேறொரு நாட்டில் உங்கள் நிறுவனப் பெயரை யாரோ பதிவு செய்ய முயல்கிறார்கள், உடனே நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கும் மடலும் இந்த வகைதான். மடலில் உள்ள இணைப்பைத் தொடாமல், பதிவாளரின் தளத்தை நீங்களே திறந்து தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

தேவையற்ற பெயர்களைக் கழிப்பது

கைவசம் நான்கைந்து பெயர்களுக்கு மேல் இருந்தால், விலை பேசுவதைவிட எண்ணிக்கையைக் குறைப்பதே பெரிய சேமிப்பு. ஒரு யோசனை தோன்றியவுடன் வாங்கிய பெயர்கள், எழுத்து மாறி வருபவர்களுக்காக வாங்கிய பெயர்கள், எல்லாப் பின்னொட்டிலும் இருக்கட்டும் என்று வாங்கிய பெயர்கள் என்று பட்டியல் நீளும். முதன்மைப் பெயரும் அதன் டாட் காம் வடிவமும் உங்கள் நாட்டுப் பின்னொட்டும் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். புதிய முயற்சி ஒவ்வொன்றுக்கும் தனி டொமைன் வாங்காமல், இருக்கும் டொமைனில் துணை டொமைன் (பெயரின் முன்னே ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்து உருவாக்கும் முகவரி) அமைத்துக்கொள்ளலாம். எத்தனை அமைத்தாலும் அதற்குப் பதிவுக் கட்டணம் இல்லை. முயற்சி நிலைத்தபின் தனிப் பெயர் வாங்கிப் பழைய முகவரியிலிருந்து நிரந்தரத் திசைமாற்றம் கொடுத்துவிடலாம்.

ஒரு பெயரைக் கைவிடுமுன் அதில் இயங்கிய மின்னஞ்சல் முகவரிகளைக் கணக்கெடுங்கள். வங்கி, சமூக ஊடகம், ஹோஸ்டிங் என்று எங்கெல்லாம் அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் வேறு முகவரிக்கு மாற்றுங்கள். பெயர் பொதுவெளிக்கு வந்தபின் அதை வாங்குபவர் எவராயினும், அதே முகவரியை உருவாக்கி, கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொல்லி உங்கள் கணக்குகளுக்குள் நுழைய முடியும். மாற்ற வேண்டிய கணக்குகள் அதிகம் என்றால் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்து, வரும் அஞ்சலையெல்லாம் வேறு பெட்டிக்குத் திருப்பிவிட்டு, யார் யார் இன்னும் அந்த முகவரிக்கு எழுதுகிறார்கள் என்று பார்த்தபடியே ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு அடுத்த ஆண்டு விடலாம்.